எண்பத்திரண்டில் விரிந்த குடை

அப்பாவின் பழைய மொபெட் எண்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் பறந்ததாம். ஃபோனில் அபராதம் வந்திருந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும் வண்டி அது. இன்று அப்பா, அம்மாவோடு சின்னசேலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

எஸ்.ஐ. படத்தைக் காட்டினார். "ஸ்பீடு கன் பொய் சொல்லுமா?"

படத்தில் சேலம் பஸ் ஒன்று மொபெட்டை முந்திக்கொண்டிருந்தது. "அது பஸ்ஸோட வேகம் சார்" என்றேன். அவர் நம்பவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "நான் பின்னால குடைய விரிச்சிப் புடிச்சிக்கினு குந்தியிருக்கேன் பாருங்க சார். அம்மாம் வேகத்துல போனா குடை பிச்சிக்கினு போயிருக்காது?"

எஸ்.ஐ. படத்தைப் பெரிதாக்கினார். ஒரு கம்பிகூட மடங்காமல் நின்றது குடை. சிரித்துவிட்டார். "ரத்து பண்ணச் சொல்லி எழுதறேன். இனிமே வண்டியில குடை புடிக்காதீங்கம்மா."

அப்போதுதான் கவனித்தேன். குடை முழுக்க அப்பா தலைக்கு மேலே. அம்மா வெயிலில்.

"ஹெல்மெட் போட்ட தலைக்கு எதுக்கும்மா குடை?"

"ஹெல்மெட்டு காஞ்சா உள்ள தலை வேவாதா?"

திரும்பும் வழியில் அப்பா கடையில் நிறுத்தி, அம்மாவுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கினார்.

எஸ்.ஐ. சொன்னதை அம்மா கேட்கப்போவதில்லை. இனி குடை எந்த ஹெல்மெட்டுக்கு மேலே இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்.