கையை எடுக்காத சிஸ்டர்

பெங்களூர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இதய அடைப்பு நீக்கியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை, தொடையில் குழாய் நுழைத்த இடத்திலிருந்து ரத்தம் கசியத் தொடங்கி நிற்கவேயில்லை. மருந்தை நிறுத்தினால் மறுபடி அடைத்துக்கொள்ளுமோ என்று டாக்டர் தயங்கினார்.

பெங்களூரிலேயே அல்சூர்ப் பகுதியைச் சேர்ந்த தமிழ் சிஸ்டர் ஒருவர் வந்தார். குள்ளமானவர் என்பதால் ஸ்டூலில் ஏறி நின்று, பஞ்சை வைத்து இரண்டு கைகளாலும் அழுத்தினார். கண்கள் மட்டும் அம்மாவின் முகத்தில் இருந்தன.

“மீன் கொழம்பு எப்பிடி வெப்பீங்கம்மா?”

இப்போது சமையல் பேச்சா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “பேச்சு கொழறுதான்னு பாக்கறேன். இந்த மருந்து ஓடறப்போ தலைக்குள்ளயும் கசியலாம்.”

அம்மா விட்டு விட்டு மெல்ல, ஆனால் குழறாமல் சொன்னாள். புளி ஊற்றும் இடத்துக்கு வந்தபோது ரத்தம் நின்றிருந்தது. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த முடியாமலே சிஸ்டர் அடுத்த படுக்கைக்குப் போனார்.

மறுநாள் வந்ததும் தொடையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “நேத்து புளி ஊத்தினதோட விட்டுட்டீங்க. மீன எப்பம்மா போடுவீங்க?”

சோதிக்கத்தான் கேட்டார் என்று நினைத்திருந்தேன். அத்தனை ரத்தத்துக்கு நடுவில் அவர் குழம்பையும் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்.