வீட்டுக்குத் தெரியப்படுத்தவும்

இங்கே ஒரு பெரியவரின் மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவுக்கு நீலமாகக் கன்றியிருந்தால்கூட வீட்டுக்குப் போன் போட வேண்டும். நான் ஜெர்மனியில், வயதானவர்கள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். அந்த நீலத்துக்கு இவர்கள் சொல்லும் பெயர் 'ப்ளாவர் ஃப்ளெக்'. ஹெர் வோகல் என்ற பெரியவர் கட்டில் கம்பியில் கையை இடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் மகனைக் கூப்பிட்டேன். எந்தக் கை, எவ்வளவு பெரிது, அப்பா அழுதாரா, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் என் ஓட்டை ஜெர்மனில் பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் ஊரில் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்தவனையே "ஒண்ணும் ஆகல, எந்திரிச்சுப் போடா" என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் இந்தப் போன்களெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தன. இப்போது சிரிப்பு வருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். சொல்லும்போது எனக்கு வாய் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கொடைக்கானலுக்குக் கீழே வட்டக்கானல். என் கணவர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டினார். ஒரு மழைநாளில் வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும்போது வண்டியோடு பள்ளத்தில் போய்விட்டார். மகள் ஜெசி அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது அவளை என் அண்ணன் அந்தோணியிடம் விட்டுவிட்டு வந்தேன். வேறு யாரிடம் விடுவது? தாய்மாமன். மடியில் உட்காரவைத்து அவளுக்குக் காது குத்தியவர். ஒரு கெஸ்ட்ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் அதிர்ந்து பேசமாட்டார், குடிக்கமாட்டார், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். "நீ நிம்மதியாப் போம்மா. எம்புள்ள மாதிரி பாத்துக்கிறேன்" என்றார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவே செய்தார். அதுதான் கொடுமை.

ஜெசி மூன்றாம் வகுப்பு. வகுப்புப் பெற்றோருக்குப் போனில் ஒரு குரூப் உண்டு, செல்வி டீச்சர் நடத்துகிறார். அண்ணனும் அதில் இருக்கிறார், நானும் இருக்கிறேன். நாளைக்குக் கலர் டிரஸ் போட்டு அனுப்புங்கள் என்று வரும். பஸ் ஸ்டாண்டு பக்கம் காட்டுமாடு நிற்கிறது, பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள் என்று வரும். அங்கே பள்ளிவிடும் நேரம் எனக்கு இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். ரொட்டியைக் கடித்துக்கொண்டே வரி விடாமல் படிப்பேன். அதைப் படிக்கிற வரைக்கும் நான் வட்டக்கானலில்தான் இருப்பேன். இனிமேல் பிள்ளைகளின் படிப்பை மட்டுமல்ல, மனசு எப்படி இருக்கிறது என்பதையும் வீட்டுக்குத் தெரியப்படுத்துவோம் என்று டீச்சர் சொன்னபோது முதல் ஆளாகக் கைதட்டல் போட்டவள் நான்தான்.

அப்புறம் ஜெசி போனில் பேச்சைக் குறைத்துவிட்டாள். "ம்", "சாப்ட்டேன்", "வைக்கட்டுமா" என்பதோடு சரி. எனக்கு மனசு கேட்கவில்லை. டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் என்னன்னு பாருங்க டீச்சர்" என்றேன். அவர் பார்த்தார். நல்ல மனுஷி. பார்த்ததை முறைப்படி வீட்டுக்கும் எழுதினார்: பிள்ளை யாரோடும் சேர்வதில்லை, சாப்பாட்டை மூடிவைத்துவிடுகிறாள், வீட்டில் அன்பாக விசாரிக்கவும். வீடு என்றால் யார்? அண்ணன் போன். அவள் இன்னும் சுருங்கிப்போனாள். நான் மறுபடி டீச்சரைக் கேட்டேன். டீச்சர் மறுபடி வீட்டுக்கு எழுதினார்.

கை கழுவுவது எப்படி என்று ஒருநாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் போட்டோ போட்டிருந்தார்கள். கொடைக்கானல் பிள்ளைகள் வருஷம் முழுக்க ஸ்வெட்டருக்குள் கிடப்பவை. அதற்குள்ளே கை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு ஸ்வெட்டர் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, பனித்தண்ணீர் பட்டுக் கத்திக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. ஜெசி ஓரத்தில். போட்டோவைப் பெரிதாக்கினேன். முழங்கைக்கு மேலே நாலு கறுப்பு. இந்தப் பக்கம் ஒன்று. நர்ஸுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வழுக்கி விழுந்தவளுக்கு விரல் வரிசையாகப் பதியாது. போட்டோவுக்குக் கீழே பெற்றோர்கள் வரிசையாகப் பூங்கொத்தும் கைதட்டலும் போட்டிருந்தார்கள்.

அண்ணன் போனில் வீடியோ போட்டுத்தான் அவளிடம் பேச முடியும். ரூம் பார்க்க யாரோ வந்துவிட்டார்கள் என்று அவர் எழுந்து போன நேரத்தில் கேட்டேன்: "கையில என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

"அம்மாட்ட சொல்லு."

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு போனை வாய்க்கருகில் கொண்டுவந்து, "டீச்சர்ட்ட எதுவும் சொல்லாதீங்கம்மா. நீங்க சொன்னா அவங்க மாமாட்ட சொல்றாங்க" என்றாள். நான் கைதட்டி வரவேற்றது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இது எனக்குத் தெரியாத கதையும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அம்மா செத்த துக்கத்தில் வகுப்பில் அழுதுகொண்டே இருக்கிறேன் என்று சொல்ல எங்கள் டீச்சர் வட்டக்கானலுக்கே இறங்கி வந்தார். வீடு தேடி டீச்சர் வந்துவிட்டார்! அப்பாவுக்கு அவமானமும் பதற்றமும். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொடுத்து, பெல்ட்டை உருவி, டீச்சர் கண்ணெதிரே என்னை அடித்தார். டீச்சருக்குச் செய்யும் மரியாதை அது. "அடியாத மாடு படியாது டீச்சர்" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். டீச்சர் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கு என் மேல் குப்புற விழுந்து மிச்ச அடியை வாங்கியவர் அந்தோணி அண்ணன். பெல்ட்டின் இரும்புப் பக்கிள் கிழித்த தழும்பு அவர் முதுகில் இன்னும் இருக்கிறது. மஞ்சள் பற்று போட்டவள் நான்தான்.

கூட வேலை செய்யும் சபீனாவிடம் சொன்னேன். அண்ணன் குடிப்பாரா என்றாள். இல்லை என்றேன். குழந்தையைப் பிடிக்காதா? உயிர் என்றேன். பின்னே ஏன் அடிக்கிறார்? பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியதால் என்றேன். என் ஜெர்மன்தான் தப்பு என்று நினைத்து, மெதுவாக மறுபடி சொல்லச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாலும் அதுதான். 'யூகெண்ட்ஆம்ட்'டைக் கூப்பிடு என்றாள், அது இங்கே பிள்ளைகளுக்கான ஆபீஸ். நம்மூரிலும் அதற்கு ஒரு நம்பர் உண்டு, பள்ளிச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு அன்றைக்குக் கை வரவில்லை.

அண்ணனையே கூப்பிட்டேன். அவர் மறைக்கவில்லை.

"வீட்டுச் சங்கதிய பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லுதும்மா. நான் என்னமோ பட்டினி போடுற மாதிரில்ல டீச்சர் எழுதுறாங்க. ஊரு என்ன பேசும்?"

"அதுக்கு அடிப்பியாண்ணே?"

"அப்பா அடிச்சுத்தானே நீ நர்ஸான?"

"அப்பா அடிச்சப்ப நீதானே எம்மேல வந்து விழுந்த?"

"எனக்குச் சோலி கெடக்கு" என்று வைத்துவிட்டார். மறுநாள் குரூப்பில் வந்தது: இன்று வராதவர் ஜெசி, காரணம் தெரியப்படுத்தவும். அண்ணன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணன் மனைவி, என் மதினியின் போனும் அணைந்திருந்தது. காரணம் தெரியப்படுத்தவும், காரணம் தெரியப்படுத்தவும் என்று அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு அறையில் காலை உணவுக்கு இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்றெல்லாம் தோன்றவில்லை. குரூப்பில் குரலைப் பதிந்து போட்டேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க, ஜெசி அம்மா பேசுறேன். எம்புள்ள ஏன் வரலன்னு நான் சொல்றேன். எங்க அண்ணன் அந்தோணி அடிச்சுப் போட்டிருக்கான். டீச்சர் நல்லதுக்குச் சொன்னாங்க, அதுக்கு அடிக்கிறான். ஏலே அந்தோணி, நீயும் இதுல இருக்க, கேட்டுக்க. இனி எம்புள்ள மேல கை பட்டுச்சு, பிளைட்டு ஏறி வந்து அந்தக் கைய முறிச்சு அடுப்புல வப்பேன். அடிக்கிற கைதான் அணைக்கும்னு எவனாவது சொன்னீங்க, அவன் வாயிலயும் கொள்ளிய வப்பேன்."

பிறந்ததிலிருந்து 'அண்ணே' என்று தவிர வேறு மாதிரி நான் அவனைக் கூப்பிட்டதில்லை. அந்த 'ஏலே' மலை பூராவும் கேட்டிருக்கும். குரூப்பில் ஓர் அப்பா, "இது ஸ்கூல் குரூப். குடும்பச் சண்டைய வெளிய வச்சுக்கங்க" என்று எழுதினார். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் எனக்குத் தனியாக எழுதினாள், பூம்பாறைக்காரி: "அக்கா, எங்க வீட்லயும் டீச்சர் மெசேஜ் வந்தா இதே கததான்."

செல்வி டீச்சர் குரூப்பில் எதுவும் எழுதவில்லை. வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் விட்டுவிட்டு நேரே வட்டக்கானலுக்கு இறங்கினார். நடந்ததை அவரே பிறகு சொன்னார். அந்தோணி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மதினி காபி கொண்டுவந்தாள். ஜெசி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். "டீச்சர வீடு வரைக்கும் நடக்க விட்டுட்டியேடி" என்று அவன் பெல்ட்டை உருவினான். அப்பன் செய்த அதே மரியாதை. டீச்சர் காபியை வைத்துவிட்டுப் போய் ஜெசி மேல் கவிழ்ந்துகொண்டார். ஓங்கிய கை நிற்கவில்லை. பக்கிள் டீச்சர் தோளில் பட்டு ரத்தம் வந்துவிட்டது.

"ஐயோ, டீச்சர், உங்கள இல்ல டீச்சர்" என்றானாம்.

உங்களை இல்லையாம்! டீச்சர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டார். அவன் பெல்ட்டோடு வாசலில் உட்கார்ந்து அழுததாக மதினி சொன்னாள். அழட்டும். டீச்சர் புகார் கொடுத்தார். போலீஸ் கூப்பிட்டு விசாரித்து, இனி பிள்ளை பக்கம் போகக்கூடாது என்று எழுதி வாங்கியது. நான் போனில் சம்மதம் சொல்லி ஜெசியை டவுனில் சிஸ்டர்கள் நடத்தும் ஹாஸ்டலில் சேர்த்தேன். கூடப்பிறந்தவனை ஊர் முன்னால் அம்மணமாக்கிவிட்டாள் என்று உறவுக்காரர்கள் எனக்குப் போன் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அவன் எண்ணை நான் என் போனில் ப்ளாக் செய்துவிட்டேன்.

இப்போது ஜெசியைப் பற்றிய எல்லாமே நேரே எனக்கு வருகிறது. விளையாடும்போது முழங்கால் சிராய்த்தது, மருந்து போட்டோம் என்று எழுதுகிறார்கள். ஹெர் வோகலின் மகன் மாதிரி, எந்தக் கால், எவ்வளவு பெரிது, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று நானும் கேட்டுத் தொலைக்கிறேன். அவளை இங்கே கூட்டிவரும் விசா வந்தபாடில்லை. ஊருக்குப் போனால் இறங்க எனக்கு ஒரு வீடும் இல்லை.

போன வாரம் வேலைக்கு வரும்போது இல்லத்தின் வாசலில் ஐஸ் கட்டியிருந்ததைக் கவனிக்காமல் வழுக்கி விழுந்தேன். முழங்கை கல்லில் மோதிக் கண் இருட்டிவிட்டது. சபீனா என்னை உள்ளே படுக்கவைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, இல்லத்துப் போனைக் கையில் எடுத்தாள். "வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும்?"

எனக்கு மனப்பாடமாக இருப்பது ஒரே ஒரு எண், நான் ப்ளாக் செய்த அந்த எண். யோசிக்கும் முன்னே வாய் அதைச் சொல்லிவிட்டது. அவள் அழுத்திவிட்டாள். வேண்டாம் என்பதற்கு எனக்கு ஜெர்மனில் வார்த்தை தெரியும். சொல்லவில்லை. சபீனா இங்கிலீஷில், "உங்கள் சிஸ்டர் கீழே விழுந்துவிட்டார், கையில் அடி" என்று நிறுத்தி நிறுத்தித் தெரியப்படுத்தினாள்.

"ஐயோ மாதாவே" என்றது அங்கிருந்து அந்தக் குரல். "அடி பலமாங்க?"

அவளுக்குப் புரியவில்லை. போனை என்னிடம் நீட்டினாள்.