ஒரு துடுப்புக்கு எவ்வளவு தூரம்

பின்வாசல் குழாயடியில் பேபி புருஷனுடைய மிதவைச் சட்டையை உப்புப் போக அலசிக்கொண்டிருந்தாள். அலசியதையே அலசினாள்.

குலசேகரத்துக்காரி. கல்யாணமாகிக் கோட்டாறு வரும்வரை அவளுக்குத் தண்ணீர் என்றால் ரப்பர் தோட்டத்து ஓடைதான். இறங்கினால் காலுக்கடியில் தரை இருக்கும். புருஷன் ஜான்ரோஸோ துபாயில் ஓட்டல் கடற்கரையில் விருந்தாளிகளுக்குக் கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். தள்ளிவிட்டது அதிகம், துழாவியது குறைவு. ஊருக்கு வந்து பெயிண்டுக் கடை போட்ட பிறகு, ஓர் ஆள் மட்டும் உட்காரும் பழைய கயாக் ஒன்றை வாங்கினார். மணக்குடியிலிருந்து கடல் வழியாகச் சங்குத்துறைக்குத் தனியாகப் போய்த் திரும்ப வேண்டுமாம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார். நாளை விடிந்ததும் புறப்பாடு.

மாதக்கணக்காக மணக்குடிக் காயலில் பயிற்சி. ஆரம்பத்தில் கொஞ்ச நேரத்திலேயே தோள் இறங்கிப்போகும். இப்போது நிறுத்தாமல் போடுகிறார். ஒரு துடுப்புக்குப் படகு மூன்று மீட்டர் போகிறது என்று ஃபோனில் அளந்திருந்தார். அந்தக் கணக்குப்படி போய்த் திரும்பிய பிறகும் கையில் தெம்பு மிச்சமிருக்கும்.

இன்று காலை பயம் பொறுக்காமல் பேபியும் கூடப் போயிருந்தாள். கரையிலிருந்து பார்த்ததை அவரிடம் கேட்டே ஆகவேண்டும். குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள். ஜான்ரோஸ் கட்டிலில் சாய்ந்து தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க துடுப்ப மடியில வச்சிட்டுத் தண்ணி குடிச்சிய இல்லியா? அப்பவும் படகு போய்ட்டே இருந்திச்சு. பக்கத்துல ஒரு தென்னம்பாளை கெடந்திச்சு, அதுவும் உங்க கூடயே வந்திச்சு. அதுக்கு யாரு துடுப்பு போட்டா?"

"ஏட்டி, ரப்பர் மரத்து மூட்டுல வளந்தவ எனக்குப் படிச்சித் தாறியா?"

"படிச்சித் தரல்ல. ஒரு நாளாவது துடுப்பு போட்டே திரும்பி வந்தியளா? மேல தோப்புல எறங்குவிய, கீழ பாலத்துல ஏறுவிய. டிரைவர் ஷாஜன் குட்டியானை வண்டியில படக ஏத்திட்டு வந்திருவான். நடுக்கடலுக்கு அவன் குட்டியானை வருமா?"

சிரிக்க வாயெடுத்தவர் சிரிக்கவில்லை. தைலக் குப்பியை மூடினார். கடல் வற்றும் வேளையில் காயல் தண்ணீர் கடலைப் பார்த்து இறங்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அளந்தபோது அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான். இறக்கம் நிற்பதற்குள், தண்ணீரை எதிர்த்துத் துடுப்பு போட்டுப் பார்க்க ஷாஜனைக் கூப்பிட்டு மறுபடியும் காயலுக்குப் போனார்.

பேபி அரிசி களைந்தாள், வைத்தாள், வடிக்க மறந்தாள். குட்டியானை திரும்பிய சத்தம் கேட்டுத்தான் மூச்சே வந்தது.

ஜான்ரோஸ் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது.

"எவ்வளவு வந்திச்சு?"

"பாதி தூரங்கூட ஏற முடியல்ல." என்றார் ஜான்ரோஸ். "ஒரு துடுப்புக்கு ஒரு மீட்டர் வந்தா பெரிசு. நிறுத்தினா பின்னால போவுது."

கடலுக்குள், கரை தெரிந்தும் எட்டாத இடத்தில், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"பின்ன நாளைக்கு வேண்டாம், இல்லியா?"

"கடையில எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு."

"கேட்டவங்க யாராவது தண்ணியில எறங்குவாவளா? எனக்கு பயமாட்டு இருக்கு. போவ மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் எழுந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், உரிந்த கைகளை வேட்டியில் துடைத்தபடி அறையைவிட்டு வெளியே போனார்.