நாமா, நாங்களா?

பெயர்ப்பலகை எழுத வந்தவர் ஏணியில் கால் வைக்கும் முன்பே கேட்டுவிட்டார்.

"நெருக்கடிகாலத் தகவல் தொடர்புன்னா என்னம்மா? வெள்ளம் வந்தா படகு அனுப்புவீங்களா?"

"படகெல்லாம் இல்லீங்க. ஒரு கம்பெனி தப்பு பண்ணி, ஊரே திட்டுதுன்னு வைங்க. அந்த நேரத்துல அவங்க என்ன பேசணும், எதைப் பேசக் கூடாதுன்னு நாங்க சொல்லிக் கொடுப்போம்."

"இதுக்கா காசு?" அவர் தூரிகையை வண்ணத்தில் தோய்த்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரி தினமும் இனாமா செய்யறா."

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஆள் ஒருக்களித்து ஏற வேண்டிய படிக்கட்டுக்கு முடிவில் இருந்தது அந்த அறை. பலகை மாட்டிய முதல் வாரத்தில் மேலே வந்தவர்களில் பாதிப்பேர் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள். மீதிப்பேர் வழி கேட்டவர்கள். இருவகையினருக்கும் உட்கார இடம் கொடுத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள் அறிக்கையக்கா.

அந்தப் பெயர் நிருபர்கள் வைத்தது. பழைய முதலாளியின் மக்கள் தொடர்பு நிறுவனத்தில் வருடக்கணக்காக எல்லா அறிக்கைகளையும் எழுதியவள் அவள்தான். பத்திரிகையில் படம் மட்டும் முதலாளியுடையது. பங்குதாரர் ஆக்குகிறேன் என்று அவர் பல தடவை வாக்குக் கொடுத்திருந்தார். கடைசியில் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர் அவருடைய மாப்பிள்ளை. அன்றைக்கே அவள் ராஜினாமாவை எழுதினாள். ஒரே ஒரு வரி. அவள் எழுதியதிலேயே சின்ன அறிக்கை.

"வெளியே போனா உன்னை யாருக்கும்மா தெரியும்?" என்றார் முதலாளி. "கொஞ்ச நாள்ல திரும்பி வருவே. உன் நாற்காலியை அப்படியே வெச்சிருக்கேன்."

"யாரையாவது உக்கார வைங்க சார். தூசி படிஞ்சிடும்."

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. பேருந்தில் உட்கார்ந்த பிறகு கைப்பை மூடியைத் திறக்கவும் மூடவுமாக இருந்தாள்.

வீட்டில் கணவர் பல்செட் செய்பவர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துச் சமையலறைக்குப் பின்னால் வேலை பார்ப்பார். ஜன்னலோரம் எப்போதும் நாலைந்து சுண்ணாம்புத் தாடைகள் காய்ந்துகொண்டிருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. நான் பல்லைக் கட்டறேன், நீ பேச்சைக் கட்டு. எப்படியும் ஊரார் வாயை நம்பித்தானே நம்ம பிழைப்பு."

நாத்தனாருக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. தெருமுனை வரை கேட்கிற குரலில் விசாரிப்பாள். "என்ன அண்ணி, பூசி மெழுகுற கம்பெனி எப்படிப் போகுது?"

"பூசறதுக்கு இன்னும் சுவர் கிடைக்கல. உன் வீட்டுல ஏதாவது விரிசல் இருந்தா சொல்லு."

முதலில் கிடைத்தவர் ஒரு பேக்கரிக்காரர். அவர் கடை ரொட்டியில் பல்புக் கண்ணாடித் துண்டு இருந்து, ஒருவர் உதடு கிழிந்துவிட்டது. எதிர்க்கடைக்காரனின் சதி என்று அறிக்கை எழுதிக் கொடுக்கச் சொல்லி வந்திருந்தார்.

"உங்க அடுப்படியில பல்பு உடைஞ்சுதா, உடையலையா?"

"உடைஞ்சுது. ஆனா..."

"ஆனாவை இங்கேயே வெச்சிட்டுப் போங்க. உடைஞ்சதைக் கவனிக்கல, அந்த மாவைக் கொட்டாம சுட்டுட்டோம், எங்க தப்புன்னு கடை வாசல்ல நின்னு சொல்லுங்க."

"அடிக்க வருவாங்கம்மா!"

"வந்தா நானும் பக்கத்துல நிக்கறேன். ஆளுக்குப் பாதி."

யாரும் அடிக்கவில்லை. திட்டினார்கள். ஒரு கிழவி, பேக்கரிக்காரரை விட்டுவிட்டு அவர் அப்பாவைப் பிடித்துத் திட்டினாள். திட்டி முடித்தவர்கள் கொஞ்ச நாளில் வழக்கம்போல் ரொட்டி வாங்க வந்தார்கள். "திட்டு வாங்க வெச்சே என்னைப் பிழைக்க வெச்சாங்க" என்று பேக்கரிக்காரர் ஊரெல்லாம் சொன்னதில், ஒரு சலவை நிலையக்காரரும் ஒரு பள்ளிக்கூடத்தாரும் ஒரு பேருந்து முதலாளியும் படியேறி வந்தார்கள். வானொலியில் செய்தி வாசித்து, நிலையத்தை மூடியதால் வேலை இழந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டாள். "கதவைச் சாத்துப்பா" என்பதைக்கூடத் தலைப்புச் செய்தி மாதிரி சொல்வதால் அவருக்கு மைக் என்று பெயர்.

அவளிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தோடுதான் வந்தார்கள்: தவறு நடந்துவிட்டது. "தப்பு என்ன மழையாங்க, தானா நடக்க? செஞ்சிட்டோம்னு எழுதுங்க" என்பாள். சிலர் எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டாள்.

இப்படியே நாலு காசு பார்த்துக்கொண்டிருந்த நிறுவனத்துக்குத்தான் பால் கம்பெனி கூப்பிட்டு அனுப்பியது.

அந்தப் பால் வாங்காத வீடு ஊரில் குறைவு. ஒருநாள் காலை விநியோகித்த பாலில் சோப்புத் தண்ணீர் கலந்திருந்தது. தொட்டியைக் கழுவியவர்கள் சரியாக அலசவில்லை. குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள், சிலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். கம்பெனியை நடத்துபவர் அதன் முதலாளியின் மகன். உள்ளே எல்லோருக்கும் அவர் சின்னவர். வணிகர் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவரிடமிருந்து வருட ஒப்பந்தம் கிடைத்தால் அவள் நிறுவனம் நிமிர்ந்துவிடும். அவர் முகம் சுளித்தால் சலவையும் பள்ளியும் பேருந்தும் சேர்ந்தே சுளிக்கும். அது தெரிந்தேதான் போனாள். அறிக்கையை முதலிலேயே எழுதி அனுப்பியிருந்தாள். கீழே, வழக்கம்போல, தொடர்புக்கு என்று போட்டுத் தன் நிறுவனத்தின் பெயரும் எண்ணும்.

கூட்ட அறையில் சின்னவரும் வக்கீலும் இருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் பழைய முதலாளி. இன்னொரு கருத்தும் இருக்கட்டும் என்று கூப்பிட்டார்களாம்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றபடி அவர் பேனாவை எடுத்தார். 'எங்கள் ஊழியர்கள் தொட்டியைச் சரியாக அலசவில்லை' என்ற வரி, 'அலசலில் குறைபாடு ஏற்பட்டிருக்கக்கூடும்' என்று ஆனது. 'நாங்கள் பொறுப்பு' என்பதை அடித்தார். அதற்கு மேலே அழகான கையெழுத்தில் எழுதினார்: 'இச்சோதனையான வேளையில் நாம் அனைவரும் பொறுப்புடன் நடந்துகொள்வோம்.'

"நாம்னா யாரு சார்?"

"நாம்னா எல்லாரும். அரவணைச்சுப் போற சொல்லும்மா."

"அந்தக் குழந்தைகளோட அம்மாவுமா? அவங்களுமா வந்து தொட்டி கழுவினாங்க?"

வக்கீல் செருமினார். "நாங்கள்னு எழுதினா வழக்குல மாட்டிக்குவோம் மேடம். நாம்னு எழுதினா யாருன்னே சொல்ல முடியாது."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

சின்னவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு எழுத்து முன்னப் பின்ன. இதுக்கு இவ்வளவு பேச்சா?"

"அப்போ இந்த அறிக்கை எங்களோடது இல்லைங்க" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள். கோபத்தில் நடந்தவளுக்குப் படிக்கட்டு முடிந்ததே தெரியவில்லை. தன் கோப்பு அவர்களிடம் இருப்பதும் நினைவில்லை.

மறுநாள் காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்ததும் ஒரு பெண் குரல்.

"நாமாம்ல, நாம்! ஏண்டி, நானா தொட்டி கழுவினேன்? என் புள்ள கையில ஊசியைக் குத்திப் படுக்க வெச்சிருக்கேன், என்னைப் பொறுப்பா இருக்கச் சொல்றியா?"

அதை வைத்தால் அடுத்தது. நாளிதழைப் புரட்டிய மைக்குக்கு முகம் வெளுத்தது. பழைய முதலாளியின் 'நாம்' அப்படியே வந்திருந்தது. அடியில், தொடர்புக்கு என்ற இடத்தில், அறிக்கையக்காவின் நிறுவனப் பெயரும் எண்ணும். அவள் அனுப்பிய கோப்பிலேயே திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள்.

"ஃபோனைப் பிடுங்கிப் போட்டுடலாம்க்கா. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"வேற யாராவது இப்படிச் சொன்னா நாம என்ன சொல்வோம்?"

"ஃபோனை எடுங்கன்னு சொல்வோம்."

"எடு."

எடுத்தார்கள். மைக்கின் குரலைக் கேட்டு ஒருத்தி, "என்னய்யா, என் வயித்தெரிச்சலைச் செய்தியாவே வாசிக்கறியா?" என்று இன்னும் இரண்டு கூடுதலாகத் திட்டினாள்.

நான் எழுதவில்லை என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், அந்த அறையில் நடந்ததையும் சொல்ல வேண்டிவரும். நாலு சுவருக்குள் பேசியதை வெளியே வைப்பவளிடம் நாளைக்கு எவன் வாய் திறப்பான்? சொன்னாலும் பிழைப்பு போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

மத்தியானம் சின்னவரே தொலைபேசியில் பேசினார். குரலில் தேன்.

"அந்தச் சொல் உங்க ஆபீஸ்ல எழுதும்போது வந்த பிழைன்னு ஒரு விளக்கம் குடுத்துடுங்க மேடம். விஷயம் அடங்கிடும். வருஷ ஒப்பந்தம் இல்ல, மூணு வருஷத்துக்குப் போட்டுக்கலாம்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். உண்மையிலேயே யோசித்தாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் நாத்தனார் ஆஜர். "ஒரு சொல்லு அண்ணி. ஒரே ஒரு சொல்லு. ஏத்துக்கிட்டா மூணு வருஷம் நிம்மதி. இதுக்குத்தானே கம்பெனி வெச்சே, பூசி மெழுகத்தானே?"

"பூசி மெழுகற கம்பெனியை நான் வைக்கவே இல்லடி. நீதான் அந்தப் பேரை வெச்சே."

கணவர் அரத்தைக் கீழே வைத்தார். "எனக்குப் பயமா இருக்கு. சங்கமே சேர்ந்து ஒதுக்கிடுவாங்க."

"எனக்கும்தான் பயமா இருக்கு."

"அப்போ?"

"பயந்துக்கிட்டே போறேன். வேறென்ன பண்றது?"

அவர் சமாதானம் ஆகவில்லை. சாப்பாட்டுத் தட்டை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தார்.

காலையில் அவளும் மைக்கும் உட்கார்ந்தார்கள். பிறருக்கு மளமளவென்று எழுதுகிறவளுக்குத் தனக்கென்று எழுதக் கை வரவில்லை. ஒருவழியாக எழுதி நீட்டினாள். மைக் கம்பீரமாக வாசித்தார்: "எங்கள் எண் அந்தக் கோப்பிலிருந்து நீக்கப்படாமல் போய்விட்டது." நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "எண் என்னக்கா மழையா, தானா போக?"

அவளுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. தாளைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தாள். "வேணாம். எழுதாமலே போறேன்."

பால் கம்பெனி வாசலில் தாய்மார்கள் கூடியிருந்தார்கள். கேமராக்களும் இருந்தன. நிருபர்களில் ஒருவன் அடையாளம் கண்டு "அறிக்கையக்கா!" என்று கூவ, எல்லாத் தலையும் திரும்பியது. முன்வரிசையில் இருந்தவள் ஒரு தையற்காரி. தோளில் அளவு நாடா இன்னும் தொங்கியது. "நீதானா அந்த நாம்?" என்று கேட்டு எழுந்தாள். தொலைபேசியில் கேட்ட முதல் குரல் அதுதான்.

"அந்த அறிக்கையில இருக்கற பேரும் எண்ணும் என்னோடது" என்றாள் அறிக்கையக்கா. கைப்பை மூடியைத் திறந்து மூடியபடியே தொடர்ந்தாள். "நான் அந்த வேலையை விட்டுட்டு வந்தேன். வரும்போது என் பேரை எடுங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அது எங்க தப்பு. அதுக்கு எங்களைத் திட்டுங்க. கேட்டுக்கறேன். மத்தது எதுக்கும் நான் மன்னிப்புக் கேக்க வரல."

"அப்போ எழுதினது யாரு?" நிருபர்களின் மைக்குகள் நெருங்கின.

"சொல்ல மாட்டேன். என்கிட்ட நம்பிப் பேசினதை நான் வெளியே பேசறதில்ல. யாரு எழுதினாங்கன்னு தெரியணும்னா, அறிக்கை யாருக்காக வந்ததோ அவங்களைக் கேளுங்க. மாடியிலதான் இருக்காங்க."

"உன் நியாயம் எனக்கு எதுக்கு?" என்றாள் தையற்காரி. "என் புள்ள என்னத்தைக் குடிச்சான்னு டாக்டர் கேக்கறாரு. எந்தச் சோப்பு, எவ்வளவுன்னு இவங்க சொல்ல மாட்டேங்கறாங்க."

"அதைத்தான் கேக்கணும். கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் நானும் நிக்கறேன்."

நின்றாள். வெயில் ஏறியது. கைப்பைக்குள் செல்பேசி அடித்தது. மேல்மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது.

"இனிமே இந்த ஊர்ல உங்களுக்கு வேலை கிடையாது" என்றார் சின்னவர். இப்போது தேன் இல்லை.

"சரிங்க. நீங்க கீழ இறங்கி வாங்க. பேப்பரும் வேணாம், வக்கீலும் வேணாம். எந்தச் சோப்புன்னு மட்டும் சொல்லுங்க. இந்த யோசனைக்குக் காசு வேணாம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. வெள்ளைச் சட்டை ஜன்னலிலிருந்து விலகியது. இறங்கி வருவதற்கா, உட்காருவதற்கா, தெரியவில்லை.

"யாரு?" என்றாள் தையற்காரி.

"மேல இருக்கறவரு."

"என்னவாம்?"

"இனிமே எனக்கு வேலை இல்லையாம்."

"அப்போ சும்மாதானே இருக்க? இந்தா, இதைப் பிடி. எனக்குக் கை கடுத்துப்போச்சு."

அட்டைப் பெட்டியைக் கிழித்துச் செய்த பலகை. நீல மையில் 'எங்களுக்கு பதில் சொல்' என்று எழுதியிருந்தது. நடுவில் ஒரு 'ப்' விட்டுப்போயிருந்தது. அறிக்கையக்கா பேனாவைத் தேடவில்லை. இரண்டு கையாலும் பலகையை வாங்கி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் மேல தூக்கும்மா" என்றாள் தையற்காரி, தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே. "மாடிக்குத் தெரிய வேணாமா?"