கிரிலுக்குள் தேன்சிட்டு

திலக் நகரில் எங்கள் வீடு நான்காவது மாடி. ஜன்னலுக்கு வெளியே பெட்டிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு கிரில்தான், இங்கே எல்லாருக்கும்போல, எங்களுக்கும் பால்கனி. செடித்தொட்டி, ஈரத்துணி, உடைந்த பக்கெட் எல்லாம் அதில்தான். மழைக்காலம் முடிந்ததும் என் மகள் அதன் மூலையில் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி ஒன்றைத் தொங்கவிட்டாள். தேன்சிட்டுகள் வர ஆரம்பித்தன.

ஒருநாள் காலை சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், தொட்டிகளை ஒதுக்கிவிட்டு கிரிலுக்குள்ளேயே இறங்கிக் குந்தியிருக்கிறாள், கையில் மொபைலோடு. கல்லூரிக்குப் போகிற பெண்.

“ஏய், என்னடி இது! உள்ள வா.”

“ஷ்ஷ், ஹிலாதேம்மா, அசையாதே. பறந்துடும்.”

ஓடிப்போய் அவள் குர்தாவைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டேன். சிட்டு வந்தது, குடித்தது, போனது. அதுவரை நான் பிடியை விடவில்லை.

“க்யா ஷாட் ஹை, எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு!” என்று மொபைலை நீட்டினாள். சிட்டின் கழுத்து ஊதாவாக மினுங்கியது. அதற்குப் பின்னால், கிரிலைச் சுவரோடு பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்து, ஒரு விரல் அளவு வெளியே வந்திருந்தது.

“உள்ள வா கண்ணு. மெதுவா வா.”

என் முகத்தைப் பார்த்ததும் ஏறி வந்துவிட்டாள்.

கிரில்காரர் வந்து போல்ட்டுகளை மாற்றிவிட்டார். ஆனாலும் எங்காவது கிரீச்சென்றால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். இப்போது அவள் அறைக்குள் நின்றுதான் படம் எடுக்கிறாள். தூரத்திலிருந்து எடுத்தால் சிட்டு கலங்கலாக வருகிறது என்று தினமும் என்னோடு சண்டை.

வரட்டும்.