பல் மாத்திரையும் பிரஸ் பெடலும்

என் முழங்காலை வீங்க வைத்தது பவர் பிரஸ் பெடல்தான் என்று சத்தியமாக நம்பினேன். கப்பலூரில் தகடு வெட்டும் பட்டறையில் வேலை. பெடலை மிதித்தால் பிரஸ் இறங்கும். சம்பளம் காலுக்குத்தான், தலைக்கு இல்லை. அது ஏனென்று போகப் போகத் தெரியும்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு கடைவாய்ப்பல் பிடுங்கி, ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தார்கள். கோர்ஸ் முடிந்ததும், ஈறு நன்றாக ஆறட்டுமே என்று மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி இன்னொரு கோர்ஸ் நானே வாங்கி விழுங்கினேன். வயிறு கலங்கியது. பிரஸ்ஸுக்கும் கக்கூஸுக்கும் நடையாய் நடந்தேன். கேட்டவர்களிடம் புரோட்டா சால்னா மேல் பழியைப் போட்டேன்.

வயிறு அடங்குமுன்னே வலது முழங்கால் இளநீர் மாதிரி வீங்கிவிட்டது. மடங்காத காலோடு பிரஸ்ஸில் உட்கார முடியாது. பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே போனவன் மெஷினுக்குத் திரும்பியதில்லை. பயத்தில், மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் பாண்டியைக் கூப்பிட்டுப் பெடல் ஸ்பிரிங்கை லூசாக்கச் சொன்னேன். மறுநாளும் கூப்பிட்டேன்.

"அண்ணே, இதுக்கு மேல லூசாக்குனா ஈ உக்காந்தாக்கூட பிரஸ் எறங்கிரும். பெடல் நல்லாத்தான் இருக்கு. உங்களத்தான் கழட்டி ஓவராயில் பண்ணணும்."

அடுத்து இடது கணுக்கால் வீங்கியது. அந்தக் கால் பெடலைத் தொட்டதேயில்லை. அப்போதாவது யோசித்திருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, "காலை எடுத்துருவாங்களோ?" என்று மனைவி செல்வியிடம் கேட்டேன்.

"எடுக்கட்டும். செருப்பு ஒண்ணு மிச்சம்."

டாக்டரம்மா முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்தார். பிறகு, "வயிறு எப்படி இருக்கு?" என்றார்.

காலைக் காட்ட வந்தால் வயிற்றை விசாரிக்கிறாரே என்று, "நல்லா இருக்கு மேடம்" என்றேன்.

"எங்க நல்லா இருக்கு?" என்றாள் செல்வி. "மேடம், இந்தாளு கக்கூஸ்லதான் குடியிருக்காரு. பல்லுக்கு அம்புட்டு மாத்திரை முழுங்குனாரு."

மூட்டு நீரில் கிருமி இல்லை. மலத்தைப் பரிசோதித்ததில் இருந்தது. மாத்திரை குடலிலிருந்த நல்ல கிருமிகளைக் கொன்றுவிட, கெட்ட கிருமி பெருகிப் பெருங்குடல் புண்ணாகியிருந்தது. அதோடு சண்டை போட்ட உடம்பு மூட்டையும் சேர்த்து அடித்துவிட்டதாம். அபூர்வமாக இப்படி நடக்கும் என்றார்.

பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிகளே, சீட்டு பழசானால் கிழித்துப் போடுங்கள். ஆன்டிபயாட்டிக் தின்று வயிறு கலங்கினால், டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

குடலுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு நின்றது, சில வாரங்களில் கால் மடங்கியது. பாண்டி ஸ்பிரிங்கைப் பழையபடி இறுக்கிக் கொடுத்தான். அதே பெடலைத்தான் இன்றும் மிதிக்கிறேன்.