முழுசாச் சொல்லாத மயில்சாமி

"ஹெச்.எம். போட்டது சி.எல்.லுங்களா, எம்.எல்.லுங்களா?"

தொலைபேசியில் கேட்டுக்கொண்டே மயில்சாமி கம்பளித் தொப்பியின் ஓரத்தை இடது காதுக்கு மேலே ஏற்றிவிடுகிறார். "வழுக்கி உழுந்துட்டாங்களா? அடடா. அப்ப எம்.எல்.லே போடச் சொல்லுங்க. டி.எல்.எம். பில்லை வேற யாருகிட்டயாவது குடுத்து உடுங்க. வி.இ.சி. தலைவரு கையெழுத்து இருக்கோணும். இல்லீனா பி.ஆர்.சி.ல திருப்பிருவாங்க." பேச்சு முடிந்ததும் தொப்பி மறுபடி காதுக்கு இறங்குகிறது. அடுத்த மணி அடிக்கும் வரை அவருக்கு வெளியுலகச் சத்தம் பாதிதான் கேட்கும்.

கோத்தகிரியில் உதவித் தொடக்கக் கல்வி அலுவலரின் அலுவலகத்தில் அவர் உதவியாளர். அந்தப் பெயரை அவர் முழுதாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "ஏ.இ.இ.ஓ. ஆபீஸ்" என்பதோடு சரி. ஒன்றியத்தின் தொடக்கப் பள்ளிகள் அத்தனையும் அவர் மேசை வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. சம்பளப் பட்டியல், விடுப்பு, சுண்ணாம்பு அடிக்கும் மானியம், உடைந்த ஓடுகளை மாற்றும் மானியம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்து ஒரு பெயர் வரும். அந்தப் பெயர் மலையேறி வருவதற்குள் மூன்று எழுத்தாகத் தேய்ந்திருக்கும். அதை ஊர்க்காரர்களுக்கு விளங்க வைப்பது மயில்சாமியின் சம்பளமில்லாத வேலை.

"வி.இ.சி.ன்னா கிராமக் கல்விக் குழுங்க. பள்ளிக்கூடத்துக்குக் கவருமெண்டு அப்பன்னு வெச்சுக்கங்க, நீங்க தாய்மாமன். அப்பன் பணம் அனுப்புவான், மாமன்தான் வந்து பாக்கோணும்." சிறு தேயிலைத் தோட்டக்காரர் ஒருவருக்கு அவர் இப்படிச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். கேட்டவர் தாய்மாமன் பொறுப்பை ஏற்றுக்கொண்ட முகத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நான் மயில்சாமி குடியிருக்கும் வீட்டின் மாடியில் குடியிருப்பவன். தரை பலகை. கீழே பேசுவது கேட்கக் கூடாது என்றால் நான்தான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அவர் வீட்டிலும் இந்த மொழியே நடக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது. உடம்பு சரியில்லை என்றால் "இன்னிக்கு ஆஃப் டே சி.எல்." எஸ்.எஸ்.ஏ. என்றால் நாட்டுக்கெல்லாம் அனைவருக்கும் கல்வித் திட்டம்; அந்த வீட்டில் சாம்பார், சாதம், அப்பளம். மனைவி மருதாம்பாள் டீச்சரை எம்.டி. என்றுதான் கூப்பிடுவார். யாராவது சிரித்தால், "எம்.டி.ன்னா மருதாம்பா டீச்சருங்க. மேனேஜிங் டைரக்டரும் அதேதான், வித்தியாசமில்லீங்க" என்பார்.

டீச்சர் அதற்குச் சிரிக்க மாட்டார். "கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டறப்பவாச்சும் என்ற பேரை முழுசாச் சொன்னாரான்னு கேளுங்க" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ஏன் இப்படி என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "முழுசாச் சொன்னா பொழுது போயிருமுங்க" என்றார். அவிநாசிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து மலையேறியவர். முதல் குளிர்காலத்தில் வாயைத் திறந்தால் பல் அடித்துக்கொண்டதாம். அப்போது சுருங்கிய பேச்சு பிறகு விரியவே இல்லை என்று டீச்சர் சொல்வார். எது உண்மையோ. மகள் வர்ஷா விடுதியில் சேரக் கோவைக்குப் பேருந்து ஏறியபோது, ஜன்னலுக்குக் கீழே நின்று இவர் சொன்னது இரண்டு எழுத்துதான்: "ஓ.கே."

பச்சைத் தேயிலை விலை சரிந்து இது எத்தனையாவது வருஷம் என்று இங்கே யாரும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். ஒரு கிலோ இலையை விற்றுவிட்டுக் கடையில் ஒரு டீ குடித்தால் கணக்கு நேராகிவிடுகிறது. கொழுந்து எடுக்காமல் விட்ட செடிகள் மரமாக நிமிர்ந்து நிற்கின்றன. சின்னத் தொழிற்சாலைகள் வாரத்தில் பாதி நாள் புகை விடுவதில்லை. மேட்டுப்பாளையம் பேருந்தில் பாத்திரம், பாய், போர்வை மூட்டைகளோடு குடும்பங்கள் இறங்கிப் போகின்றன. பெரும்பாலும் திருப்பூருக்கு. போகும் முன் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கிப் போகிறார்கள். அதற்கு மட்டும் மயில்சாமியிடம் விளக்கம் கேட்க யாரும் வருவதில்லை. டி.சி. என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மருதாம்பாள் டீச்சரின் பள்ளி, ஒரு எஸ்டேட்டின் ஓரத்தில் இருந்த ஒன்றியப் பள்ளி. தலைமை ஆசிரியை இசக்கியம்மா, மருதாம்பாள், கோகிலவாணி என்று மூன்று பேர். கோகிலவாணி அந்த எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளிலேயே பிறந்து வளர்ந்தவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் அம்மாக்களோடு சேர்ந்து பள்ளி விடுமுறையில் கொழுந்து கிள்ளியவள். போன ஆகஸ்டில் தலையெண்ணிப் பார்த்தபோது அந்தப் பள்ளியின் பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்று ஆகிவிட்டது. விதிப்படி மூவரில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் உபரி. கடைசியாகச் சேர்ந்தவள் கோகிலவாணி.

அவளுடைய அப்பா அழகையா மறுநாள் அலுவலகத்துக்கு வந்தார். மேற்சட்டைக்கு மேல் பழைய கோட்டு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மயில்சாமியின் மேசைக்கு முன்னால் நின்றார். சிலோனில் பழகிய 'சேர்' அவர் வாயை விட்டு இன்னும் போகவில்லை.

"சேர், மக நேத்திலயிருந்து சோறு திங்கல. என்னாம்மான்னா நான் சர்ப்ளஸ்ங்குது. அப்பிடின்னா என்னாங்க சேர்? ஏதும் தப்பு செஞ்சிருச்சா?"

"தப்பெல்லாம் இல்லீங்க. உக்காருங்க. சர்ப்ளஸ்ன்னா..." என்று ஆரம்பித்த மயில்சாமி, தொப்பியை ஏற்றினார். இறக்கினார். "உபரிங்க. அதாவது..."

"மிச்சமா?"

மயில்சாமி அந்தச் சொல்லைத் தாண்டிப் போனார். "வேற எடத்துக்குப் போட்டுருவாங்க. பணி நிரவல்ன்னு பேரு. மேடு இருக்கற பக்கத்துல எடுத்துப் பள்ளத்துல போடற மாதிரி. வேலை போகாதுங்க, சம்பளமும் போகாது."

"எங்கிட்டுப் போடுவாக?"

"காலியிடம் கூடலூர் பக்கந்தானுங்க இருக்குது. பந்தலூர்க்கு அங்கிட்டு."

 அழகையா குறை சொல்கிற தொனி இல்லாமல் சொன்னார்: "இதோட அம்மாவுக்குக் கண்ணு ரெண்டும் போயிருச்சு சேர். தெய்வம்மான்னு பேரு. லயத்துல இது கையைப் புடிச்சாத்தான் தண்ணிப் பீலிக்கே போகும். எனக்கு நெஞ்சு இழுப்பு. நாங்க அங்கயிருந்து இங்க வந்தம். இப்ப இங்கயிருந்து இன்னொரு எடம். சரி, தப்பு இல்லேன்னீங்களே, அது போதும்." எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை கீழ்வீட்டில் பீன்ஸ் நறுக்கும் சத்தத்தோடு இந்தக் கதையும் மேலே வந்தது. மயில்சாமி இத்தனை வாக்கியங்களைச் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அவர் முடித்ததும் நறுக்கும் சத்தம் நின்றது.

"ஏனுங்க, சீனியரு ஒருத்தரு நான் போறேன்னு எழுதிக் குடுத்தா ஜூனியரு தப்பிச்சுக்குவாளா?"

"ஜி.ஓ.வைப் பாக்கோணும்" என்றார் மயில்சாமி.

மறுநாளும் டீச்சர் கேட்டார். ஜி.ஓ. கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்டார். பழைய அலமாரியில் தேட வேண்டும் என்றார். ஒன்றியத்தில் எந்த அரசாணையையும் எண்ணோடும் தேதியோடும் தூக்கத்தில் சொல்லக்கூடியவர் என்று பெயரெடுத்த மனிதர், வாரம் முழுவதும் ஒரே ஒரு அரசாணையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப்போடும்போது அவரே சொன்னார். "இருக்குது. விருப்பம் குடுத்தா எடுத்துக்கலாம்ன்னு இருக்குது."

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் டீச்சர். "நீங்க நெசமாலுமே ஜி.ஓ. தேடறப்ப இருக்கற மூஞ்சி வேற."

"அத்தனை தூரம் நீ போயி..."

"வர்ஷா ஆஸ்டல்ல இருக்கறா. உங்களுக்குச் சோறாக்கத் தெரியும். அந்தப் புள்ளைக்கு ஆத்தா கையைப் புடிக்கோணும். இதுல நாந்தானுங்க மிச்சம்."

"அப்பிடிச் சொல்லாத, எம்.டி."

"அட, சும்மா சொன்னனுங்க" என்று டீச்சர் ஈரத் துணியை உதறினார்.  கொடியில் மயில்சாமியின் சட்டை நெடுநேரம் தலைகீழாகக் காய்ந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை.

விருப்பக் கடிதத்தை டீச்சர் கையால் எழுதினார். வாங்கிப் பதிவு செய்தவர் மயில்சாமி. அலுவலர் ஆறுமுகசாமி நல்ல மனிதர். கடிதத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொல்லி, "உங்க சம்சாரமாச்சேங்க. ரெண்டு நாள் யோசிங்க. இது என்ற மேசைக்கு வரலைன்னு வெச்சுக்கறேன்" என்றிருக்கிறார்.

"தபால் வந்துருச்சுங்க. நம்பரும் போட்டுட்டேன்" என்றாராம் மயில்சாமி. இதை என்னிடம் சொன்னது ஆறுமுகசாமி. சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஏனோ துடைத்தார்.

ஊட்டியில் நடந்த கலந்தாய்வில் டீச்சருக்குக் கிடைத்தது, அழகையாவிடம் சொன்ன அதே பந்தலூர்ப் பக்கத்துப் பள்ளிதான். புறப்படுவதற்கு முந்தைய நாள் கோகிலவாணி வந்தாள். ஒரு பையில் லயத்துக் கொல்லைப் பேரிக்காய். வாசலில் நின்றவளுக்கு அழுகிற மாதிரி வாய் கோணியது. மருதாம்பாள் டீச்சர் பையை வாங்கிக்கொண்டு, "ரெண்டாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் பாதியில நிக்குது. அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் கீழயிருந்து மேல கழிப்பான், பாத்துக்க" என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு இருவரும் உள்ளே போய் டீ குடித்தார்கள். மயில்சாமிதான் போட்டுக் கொடுத்தார்.

இப்போது பள்ளி இரண்டு ஆசிரியைகளோடு நடக்கிறது. இன்னும் ஐந்தாறு குடும்பங்கள் இறங்கிப் போயிருக்கின்றன, ஆனாலும் நடக்கிறது. அழகையா எப்போதாவது கோத்தகிரிக்கு வந்தால் அலுவலகத்துக்கு வெளியே நின்று மயில்சாமிக்கு ஒரு கும்பிடு போடுவார். இவர் எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

டீச்சர் மாதத்துக்கு இரண்டு முறை வருகிறார். மற்றபடி புதன்கிழமை சாயங்காலம் தொலைபேசி. அங்கே டீச்சர் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் போன் இருக்கிறது. இங்கே பேருந்து நிலையத்துக்கு எதிரே பாலுவின் எஸ்.டி.டி. பூத். தலைமை ஆசிரியர்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால் கடகடவென்று பேசி முடிக்கிற மயில்சாமி, இந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் போனதும் தடுமாறிப் போகிறார். "சாப்பிட்டாச்சா?" "பி.எஃப். ஸ்லிப்பு வந்துருச்சு." "வர்ஷா பேசுச்சு." அவ்வளவுதான். எல்லாவற்றையும் இத்தனை சுருக்கிப் பழகியவருக்கு அரை நிமிஷத்தில் செய்தி தீர்ந்துவிடுகிறது. ஆனால் அவர் போனை வைப்பதில்லை. மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறுகின்றன. இவர் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு சும்மா நிற்கிறார். முதல் வாரம் பாலு லைன் கட்டாகிவிட்டதோ என்று கதவைத் தட்டியிருக்கிறான். இப்போது தட்டுவதில்லை.

போன புதன்கிழமை நான் கறிவேப்பிலை வாங்கிவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சரிவான சாலையில் தேயிலைத் தோட்டத்து மண்ணையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்தது. பாலுவின் கடைக்குள் ஒதுங்கினேன். கூண்டுக்குள் மயில்சாமி. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ரிசீவரில் ஏதோ கேள்வி வந்திருக்க வேண்டும்.

"ஆமா, இங்க மழை" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நல்ல மழை" என்றார்.

 முதுகால் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தார். சுருள் வயர் எட்டும் மட்டும் கடை வாசலுக்கு வந்து, தகரக் கூரை கொட்டுகிற இடத்துக்கு ரிசீவரை நீட்டிப் பிடித்தார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது. பாலு மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தான்.